ஸ்கேக்வேயா, டாசனா? கிளோண்டைக் தங்க வேட்டை நடந்த ஊர்களில் எதற்குப் போகலாம்

கனடாவின் வடமேற்கு மூலையில் இருக்கிற யூகானுக்குப் போக வேண்டும், தங்க வேட்டை நடந்த இடங்களைப் பார்க்க வேண்டும், ஆனால் கையில் ஒரு வாரம்தான் இருக்கிறது, எந்த ஊருக்குப் போவது? டொராண்டோவில் எனக்குத் தெரிந்த மூன்று குடும்பங்கள் இதே கேள்வியைத் தனித்தனியாகக் கேட்டுவிட்டார்கள். அவர்களிடம் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதுகிறேன். நான் அந்தப் பக்கம் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை அப்பா அம்மாவோடு கப்பலில், அலாஸ்காவில் இருக்கிற ஸ்கேக்வே வரை. இரண்டாம் முறை யூகானின் தலைநகர் ஒயிட்ஹார்ஸில் கார் எடுத்துக்கொண்டு டாசன் வரை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறேழு நாள் ஒதுக்க முடிந்தவர்கள் டாசனுக்குப் போங்கள், வழியில் கார்கிராஸில் அரை நாள் இறங்குங்கள். கப்பல் பயணத்தில் ஒரே ஒரு நாள்தான் கிடைக்கிறது, அல்லது வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால் ஸ்கேக்வே போதும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும்.

1896 ஆகஸ்ட் 16. இன்றைய டாசனுக்குப் பக்கத்தில் ராபிட் கிரீக் என்று ஒரு சின்ன ஓடை. அங்கே நான்கு பேர் இருந்தார்கள். கலிஃபோர்னியாவிலிருந்து வந்த ஜார்ஜ் கார்மாக், அவருடைய மனைவி ஷா த்லா, அவள் அண்ணன் கெய்ஷ், அவர்களுடைய அக்கா மகன் கா கூக்ஸ். ஜார்ஜைத் தவிர மற்ற மூவரும் டாகிஷ் பழங்குடியினர். வெள்ளைக்காரர்கள் அவர்களுக்கு வைத்த பெயர்கள்தான் ஏட்டில் நின்றன: முறையே கேட் கார்மாக், ஸ்கூக்கம் ஜிம், டாசன் சார்லி. ஸ்கூக்கம் என்றால் அந்தப் பகுதி வணிக மொழியில் பலசாலி என்று பொருள். ஓடையில் பாறையிடுக்குகளில் தங்கம் கிடந்தது. முதலில் கண்டது யார் என்பதில் இன்றுவரை பேச்சு இருக்கிறது. ஜார்ஜ் தானே என்றார். டாகிஷ் மக்கள் ஜிம் என்கிறார்கள், கேட் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் பதிவு ஜார்ஜ் பெயரில் போனது. கண்டுபிடித்தவர் பழங்குடி என்றால் பதிவு அதிகாரி ஒப்புக்கொள்ள மாட்டார் என்பது அவர்கள் கணக்கு. அந்த ஓடைக்கு பொனான்சா என்று புதுப் பெயர் வந்தது.

மறு வருடம் ஜூலையில் தங்கம் ஏற்றிய கப்பல்கள் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் சியாட்டிலுக்கும் வந்து சேர்ந்த பிறகுதான் உலகத்துக்கு விஷயம் தெரிந்தது. சுமார் 1 லட்சம் பேர் கிளம்பினார்கள். போய்ச் சேர்ந்தவர்கள் 30,000 முதல் 40,000 பேர் இருக்கலாம். தங்கத்தைக் கண்ணால் கண்டவர்கள் ஏறக்குறைய 4,000 பேர். செய்தி வெளியே வருவதற்குள் நல்ல ஓடைகளையெல்லாம் அங்கேயே இருந்தவர்கள் எல்லை போட்டு முடித்துவிட்டார்கள் என்பது கிளம்பியவர்களுக்குத் தெரியாது.

இந்தக் கதையில் நான் கெய்ஷைப் பிடித்துக்கொண்டேன். எந்த ஊருக்குப் போனாலும் அவர் அங்கே இருக்கிறார். ஆனால் எல்லா ஊரும் அவரை ஒரே மாதிரி நினைவில் வைத்திருக்கவில்லை. என் ஒப்பீட்டுக்கு அளவுகோல் இதுதான்.

ஸ்கேக்வே அலாஸ்காவில், கடலோரத்தில் இருக்கிறது. சுமார் ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். கோடையில் கப்பல்கள் வரிசையாக நிற்கும் நாளில் பத்தாயிரம் பேருக்கு மேல் இறங்குவார்கள். கப்பலிலிருந்து நடந்தே பிராட்வே தெருவுக்குப் போய்விடலாம். 1976-இல் இங்கே தேசிய வரலாற்றுப் பூங்கா அமைத்தார்கள், அதனால் பழைய மரக் கட்டடங்கள் நன்றாகப் பராமரிக்கப்பட்டு நிற்கின்றன. கடலில் மிதந்து வந்த மரக்குச்சிகளை, 8,800-க்கும் குறையாமல், முகப்பு முழுக்கப் பதித்த ஒரு கூடம் இருக்கிறது, அம்மா அதைப் பார்த்துவிட்டு நகரவே மாட்டேன் என்றார்.

அங்கே பணம் கொடுத்துப் பார்க்க வேண்டிய ஒன்று வெள்ளைக் கணவாய் ரயில். 1898 மே மாதம் வேலை தொடங்கி 1900 ஜூலை 29-இல் முடித்த பாதை இது. தண்டவாளங்களுக்கு இடையே வெறும் மூன்றடி. கடல் மட்டத்திலிருந்து கிளம்பி 32 கிலோமீட்டருக்குள் சுமார் 870 மீட்டர் ஏறிவிடுகிறது. மலையைக் குடைய 450 டன் வெடிமருந்து ஆனதாம். ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தால் சில இடங்களில் பழைய நடைபாதையின் தடம் தெரியும். அந்தப் பாதையில் 3,000 குதிரைகள் செத்தன. சுமை தாங்காமல், கால் முறிந்து, பட்டினியில். அதற்குச் செத்த குதிரைப் பாதை என்றே பெயர். அப்பாவுக்கு முழங்கால் வலி, பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் நடக்க முடியாது. அவரும் இருக்கையில் உட்கார்ந்தபடியே அந்தக் கணவாயைப் பார்த்தார். இந்த ஒரு காரணத்துக்காகவே வயதானவர்களுக்கு ஸ்கேக்வேயைச் சொல்கிறேன்.

ஆனால் அந்த ஊரில் உங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை சோப்பி ஸ்மித் என்ற மோசடிக்காரனுடையது. ஊரையே ஏமாற்றிச் சம்பாதித்தான், 1898 ஜூலை 8 அன்று துறைமுகத்தில் துப்பாக்கிச் சண்டையில் செத்தான். சுவாரசியமான கதைதான். கெய்ஷ் எங்கே என்று கேட்டால் கொஞ்சம் தேட வேண்டும். தங்கம் கிடைப்பதற்கு ஒன்பது வருடம் முன்பே, 1887-இல், கேப்டன் வில்லியம் மூர் என்பவரோடு இந்த வெள்ளைக் கணவாயைக் கடந்து வந்தவர் அவர். அந்தக் கணவாயில் வழி இருக்கிறது என்று வெளியாருக்குத் தெரிந்ததே அந்தப் பயணத்தில்தான். தெருவில் இரண்டு பக்கமும் வரிசையாக நகைக்கடைகள். அவற்றைத் தாண்டி அந்தக் கதைக்கு வந்து சேர்வதற்குள் கப்பல் கிளம்பும் நேரம் ஆகிவிடுகிறது. எங்களுக்கு அப்படித்தான் ஆனது.

ஸ்கேக்வேக்குப் பக்கத்திலிருந்தே இன்னொரு வழியும் இருக்கிறது, சில்கூட் நடைபாதை. உடம்பில் தெம்பு உள்ளவர்கள் இதைத் தீவிரமாக யோசிக்கலாம். டையீ என்ற இடத்தில் தொடங்கி பென்னட் ஏரி வரை 53 கிலோமீட்டர். மூன்று முதல் ஐந்து நாள் ஆகும், முதுகில் கூடாரமும் சாப்பாடும் சுமக்க வேண்டும், முன்அனுமதி வாங்க வேண்டும். கணவாயைக் கடக்க ஒரு நாளைக்கு ஐம்பது பேருக்குத்தான் அனுமதி. நான் போகவில்லை. போய் வந்த நண்பர் சொன்னதையும் படித்ததையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

இந்தப் பாதை முதலில் கடலோரப் பழங்குடியினரான கிலிங்கிட் மக்களுடைய வணிகப் பாதை. யார் போகலாம், யார் போகக் கூடாது என்று பல தலைமுறைகளாக அவர்கள்தான் முடிவு செய்தார்கள். தங்க வேட்டையில் அது கைமாறிவிட்டது. கனடா எல்லையில் நின்ற போலீஸ்காரர்கள், ஒரு வருடத்துக்கு வேண்டிய பொருள் இல்லாமல் யாரும் உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். சாப்பாடு, கருவிகள், கூடாரம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஒரு டன் எடை. குதிரை ஏறாத சரிவு அது. ஒரு மனிதன் ஒரு தடவைக்கு இருபத்தைந்து முப்பது கிலோ தூக்கலாம். அப்படியானால் அதே மலையை முப்பது நாற்பது தடவை ஏறி இறங்க வேண்டும். பனியில் 1,500 படி வெட்டி, ஒருவர் பின் ஒருவராகக் கறுப்புக் கோடு போல ஏறியதைப் பழைய புகைப்படங்களில் பார்த்திருப்பீர்கள். கூலிக்குச் சுமந்தவர்களில் பெரும்பாலானோர் பழங்குடியினர். கெய்ஷும் இங்கே சுமை தூக்கியவர்தான். ஒரே நடையில் 156 பவுண்டு பன்றி இறைச்சியைச் சுமந்து இந்த மலையைக் கடந்தார் என்று சொல்வார்கள், ஏறக்குறைய 70 கிலோ. 1898 ஏப்ரல் 3-இல் இங்கே பனிச்சரிவில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டையீயில் அவர்களுக்கென்று ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அந்த ஊரில் இன்று கட்டடம் என்று சொல்ல அனேகமாக எதுவும் மிச்சமில்லை.

நடைபாதை நெடுக அவர்கள் போட்டுவிட்டுப் போன பொருள்கள் இன்னும் கிடக்கின்றன: துருப்பிடித்த அடுப்பு, செருப்பின் அடிப்பாகம், மடக்குப் படகின் சட்டங்கள். எதையும் எடுக்கக் கூடாது, தொடாமல் பார்த்துவிட்டு வர வேண்டும். முப்பது வயதில் இருந்திருந்தால் நான் டாசனை விட்டுவிட்டு இதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன். அந்தச் சுமையின் கணக்கை முதுகால் புரிந்துகொள்ள வேறு வழியில்லை.

ஒயிட்ஹார்ஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். விமானம் வந்து இறங்கும் இடம், கார் கிடைக்கும் இடம், கடைசியாக ஒழுங்கான மளிகைச் சாமான் வாங்கும் இடம். ஆற்றோரத்தில் எஸ்.எஸ். கிளோண்டைக் என்ற துடுப்புச் சக்கரக் கப்பலைக் கரையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். 1937-இல் கட்டியது, 1955 வரை ஓடியது. தங்க வேட்டைக்குப் பிந்தைய காலத்துக் கப்பல் என்றாலும் சாலை வருவதற்கு முன் இந்த நாடு எப்படி இயங்கியது என்று அதைப் பார்த்தால் விளங்கும். இரண்டு மணி நேரம் போதும்.

கார்கிராஸ் வேறு விஷயம். ஒயிட்ஹார்ஸுக்குத் தெற்கே முக்கால் மணி நேரம், சில நூறு பேர் வாழும் ஊர். ரயில் பாதையின் கடைசி ஆணியை 1900-இல் இங்கேதான் அடித்தார்கள். கெய்ஷ், கேட், சார்லி மூவருடைய ஊரும் இதுதான், மூவரும் அடக்கமாகியிருப்பதும் இங்கேதான். சார்லி 1908-இல் இந்த ஊர் ரயில் பாலத்திலிருந்து விழுந்து நீரில் மூழ்கி இறந்தார். கெய்ஷ் 1916-இல். தன் சொத்தின் ஒரு பகுதியைத் தன் மக்களுக்காக அறக்கட்டளையாக எழுதி வைத்தார், ஒயிட்ஹார்ஸில் அவர் பெயரில் ஒரு நட்பு மையம் இன்றும் நடக்கிறது. கேட்டின் கதைதான் தாங்கவில்லை. 1900-இல் ஜார்ஜ் அவளை விட்டுப் போனார், வேறொரு பெண்ணை மணந்தார். கல்யாணத்துக்குக் காகித ஆதாரம் இல்லாததால் அத்தனை தங்கத்தில் அவளுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அண்ணன் கட்டிக்கொடுத்த வீட்டில் இருந்து 1920-இல் காய்ச்சலில் இறந்தாள். கனடாவின் சுரங்கத் துறைப் பெருமக்கள் மன்றத்தில் ஜார்ஜையும் ஜிம்மையும் சார்லியையும் 1999-இலேயே சேர்த்துவிட்டார்கள். கேட்டைச் சேர்த்தது 2019-இல். கல்லறை ஊர்க் குடும்பங்களுடைய இடம் என்பதால் நான் உள்ளே போகவில்லை. பாலத்தில் நின்று ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தேன்.

சரி, டாசன். ஒயிட்ஹார்ஸிலிருந்து வடக்கே சுமார் 530 கிலோமீட்டர். ஆறேழு மணி நேர ஓட்டம், இடையில் பெட்ரோல் கிடைக்கும் ஊர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை, நெடுந்தூரத்துக்கு அலைபேசி எடுக்காது. வழியில் ஓர் ஊருக்கு ஜார்ஜின் பெயரால் கார்மாக்ஸ் என்றே பெயர். டாசனின் தெருக்கள் இன்னும் மண் தெருக்கள், நடைமேடை மரப்பலகை. 2021 கணக்கெடுப்பில் 1,577 பேர். 1898-இல் இங்கேயும் சுற்றியிருந்த ஓடைகளிலுமாக முப்பதாயிரம் பேர் இருந்தார்கள் என்பதை அந்தத் தெருவில் நின்றுகொண்டு நம்புவது கடினம். மறு வருடமே அலாஸ்காவின் நோமில் கடற்கரை மணலில் தங்கம் என்று செய்தி வர, ஆகஸ்டில் ஒரே வாரத்தில் 8,000 பேர் கிளம்பிப் போய்விட்டார்கள்.

ஊருக்கு அடியில் உறைமண். கோடையிலும் உருகாத பனிமண். சூடேறிய கட்டடங்களின் கீழே அது இளகும்போது வீடுகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்கின்றன. அப்படித் தோளோடு தோள் சாய்ந்து நிற்கும் இரண்டு பழைய கடைகளை வேண்டுமென்றே அப்படியே விட்டிருக்கிறார்கள். 1978-இல் பழைய நீச்சல் குளம் இருந்த இடத்தைத் தோண்டியபோது 500-க்கும் மேற்பட்ட மௌனப்படச் சுருள்கள் அந்த உறைமண்ணில் கிடைத்தன. படங்கள் ஊர் ஊராக ஓடிக் கடைசியாக வந்து சேரும் இடம் டாசன், திருப்பி அனுப்பும் செலவுக்குப் படம் தேறாது என்று குளத்துக்குள் போட்டு மூடியிருந்தார்கள்.

தங்கம் எடுத்தவர்களுக்கும் இந்த உறைமண்தான் எதிரி. தங்கம் அடியில், பாறையை ஒட்டிக் கிடக்கிறது. மேலே கல் போல உறைந்த மண். குளிர்காலம் முழுக்க இரவில் விறகு போட்டு எரிப்பார்கள், காலையில் இளகிய ஓரடி மண்ணைத் தோண்டி வாளியில் மேலே இழுப்பார்கள், மறுபடி தீ. குவித்து வைத்த மண்ணை வசந்தத்தில் ஓடையில் தண்ணீர் ஓடத் தொடங்கிய பிறகுதான் அலசிப் பார்க்க முடியும். ஆறு மாத உழைப்பில் ஏதாவது இருக்கிறதா இல்லையா என்பது மே மாதம் வரை தெரியாது. ஊருக்கு வெளியே பொனான்சா ஓடையில் ஆறாம் எண் நிலத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தட்டில் மண் அரிக்கலாம். அரிசியில் கல் அரிக்கும் அதே கை அசைவு, ஆனால் இங்கே அடியில் நிற்பதுதான் வேண்டியது. என் மனைவிக்கு ஐந்து நிமிடத்தில் கை பழகிவிட்டது. ஒன்றரை மணி நேரத்தில் கடுகில் கால்வாசி அளவில் இரண்டு மினுக்கம். தண்ணீரின் குளிரில் விரல் மரத்துப் போனது.

அதே சாலையில் நான்காம் எண் அகழ் கப்பல் நிற்கிறது. 1912-இல் கட்டிய, மரத்தாலான அடிப்பாகம் கொண்ட, எட்டு மாடி உயர இயந்திரம். தான் தோண்டிய குளத்திலேயே மிதந்துகொண்டு, முன்னால் இருக்கும் மண்ணை வாரி விழுங்கி, தங்கத்தைப் பிரித்து, கல்லைப் பின்னால் துப்பிக்கொண்டே போகும். 1959 வரை ஓடியது. அது துப்பிய கற்குவியல்கள் சாலையின் இரண்டு பக்கமும் கிலோமீட்டர் கணக்கில் மண்புழு நெளிந்த தடம் போலக் கிடக்கின்றன. பள்ளத்தாக்கு முழுவதும் தலைகீழாகப் புரட்டிப் போடப்பட்டிருக்கிறது. ஸ்கேக்வேயில் தங்கம் தேடிப் போனவர்களின் அவசரம் தெரியும். அந்த அவசரம் நிலத்துக்கு என்ன செய்தது என்பது இங்கேதான் தெரியும்.

கிளோண்டைக் என்ற பெயரே ட்ரொன்டெக் என்பதன் திரிபு. ஆற்றில் சால்மன் பிடிக்க முளைக் கம்புகளை அடித்து இறக்கும் சுத்தியல் கல்லைக் குறிக்கும் சொல் அது. அந்த ஆறு யூகான் ஆற்றில் கலக்கும் இடத்தில் ட்ரொச்செக் என்ற மீன்பிடி முகாம் இருந்தது. தங்கம் தேடி வந்த கூட்டம் அதை விழுங்கியபோது, அங்கே வாழ்ந்த ட்ரொன்டெக் ஹ்வெச்சின் பழங்குடியினரின் தலைவர் ஐசக் தன் மக்களை ஆற்றின் கீழே ஐந்து கிலோமீட்டர் தள்ளி மூஸ்ஹைட் என்ற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். இந்தக் கூட்டத்துக்கு நடுவில் தங்கள் பாட்டும் ஆட்டமும் அழிந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அலாஸ்காவில் இருந்த உறவு மக்களிடம் அவற்றை ஒப்படைத்தார், பத்திரமாக வைத்திருங்கள் என்று. ஏறக்குறைய நூறு வருடம் கழித்து, 1990-களில், பேரப்பிள்ளைகள் போய் அவற்றைத் திரும்பக் கற்றுக்கொண்டு வந்தார்கள். டாசன் ஆற்றங்கரையில் ட்ரொன்டெக் ஹ்வெச்சின் மக்கள் நடத்தும் டானோஜா ஸோ பண்பாட்டு மையத்தில் இதை அவர்கள் வாயாலேயே கேட்கலாம். என் பயணத்தில் வேறு எந்த இடமும் எதையும் தராமல் போனாலும் பரவாயில்லை என்று நினைக்க வைத்த இடம் அது.

இன்னொன்றும் என் முடிவை உறுதியாக்கியது. இந்தப் பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக்க முதலில் கொடுத்த விண்ணப்பத்தைக் கனடா 2018-இல் திரும்பப் பெற்றது. பிறகு பழங்குடி மக்கள் குடியேற்றத்தை எப்படிச் சந்தித்தார்கள், எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்பதை மையமாக வைத்து எழுதிய விண்ணப்பம் 2023 செப்டம்பரில் ஏற்கப்பட்டது. பட்டியலில் டாசன் நகரமும் இருக்கிறது, ட்ரொச்செக்கும் மூஸ்ஹைடும் இருக்கின்றன.

அலாஸ்காவில் இருக்கிற ஃபேர்பேங்க்ஸ், நோம் பற்றியும் கேட்டார்கள். ஃபேர்பேங்க்ஸில் 1902-இல் தங்கம் கண்டுபிடித்தார்கள், அங்கேயும் ஓர் அகழ் கப்பலைப் பார்க்கலாம், வசதியான ஊர். ஆனால் கிளோண்டைக் கதைக்காகப் போகிறவர்களுக்கு அது சுற்று வழி. நோமுக்கு வெளியிலிருந்து சாலையே கிடையாது. ஒரு வாரத்தில் இரண்டும் வேண்டாம்.

விசா விஷயத்தைக் கவனியுங்கள். ஸ்கேக்வே அமெரிக்கா, சில்கூட் பாதி அமெரிக்கா, டாசன் கனடா. கனடாவில் நிரந்தரமாக வசிக்கும் அனுமதியோடு (பி.ஆர்.) இருந்தாலும் கையில் இருப்பது இந்திய அல்லது இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் ஸ்கேக்வேக்கு அமெரிக்க விசா வேண்டும், கப்பலில் போனாலும் வேண்டும். டாசனுக்கு அந்தத் தொல்லை இல்லை. பல குடும்பங்களுக்கு முடிவை இதுவே எடுத்துவிடும். செலவைப் பார்த்தால் டாசன்தான் கூட: விமானம், கார், வடக்கே போகப் போக ஏறும் சாப்பாட்டு விலை. நாங்கள் ஒயிட்ஹார்ஸிலேயே அரிசி, பருப்பு, காய்கறி வாங்கிக்கொண்டு, சமையலறை உள்ள அறையாகப் பிடித்தோம். கார் எடுக்கும்போது கண்ணாடிக்குக் காப்பீடு உண்டா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். எதிரே வந்த லாரியின் சரளைக்கல் பட்டு எங்கள் முன்கண்ணாடியில் விழுந்த கீறலுக்கு முழுப் பணமும் நாங்கள்தான் கட்டினோம். மே நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரைதான் பெரும்பாலான இடங்கள் திறந்திருக்கும். ஜூனில் போனால் இருட்டவே இருட்டாது, கண்ணை மறைத்துக்கொள்ளத் துணி எடுத்துப் போங்கள்.

தேதி இன்னும் முடிவாகவில்லை என்றால் ஒன்று சொல்கிறேன். இரட்டைப்படை ஆண்டுகளில் ஜூலை இறுதியில் மூஸ்ஹைடில் ட்ரொன்டெக் ஹ்வெச்சின் மக்கள் பெரிய கூடுகை நடத்துகிறார்கள். படகில்தான் போக முடியும், வெளியாருக்கும் வரவேற்பு உண்டு. அலாஸ்காவிலிருந்து திரும்பி வந்த அந்தப் பாட்டுகளை அங்கே பாடுகிறார்கள். நாங்கள் போனது ஒற்றைப்படை ஆண்டு, ஆகஸ்ட் மூன்றாவது திங்கள்கிழமை வரும் தங்கம் கண்ட நாள் விடுமுறையைத்தான் பார்க்கக் கிடைத்தது. அடுத்த முறை ஜூலைக்கு டிக்கெட் எடுக்கப்போகிறோம்.